பிக்கப் பெட்டியில் 'விண்டேஜ்' என்ற சொல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோயில் திருவிழாக்களும் கலியாணங்களும் நெருங்கும்போது மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து இசைக்குழுக்களில் கிற்றார் வாசிக்கும் பிள்ளைகள் பலர், தந்தியின் அதிர்வை மின்னாக்கி அம்பிளிபயருக்கு அனுப்பும் பகுதியான பிக்கப்பைப் புதிதாகத் தேடத் தொடங்குகிறார்கள். பழைய எலெக்ட்ரிக் கிற்றாரின் கணீரென்ற தெளிவு தங்கள் கையிலும் வரவேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அந்த ஆசையில் பிழையே இல்லை. ஆனால் இணையத்திலும் கடைகளிலும் விற்கப்படும் பெட்டிகள் பலவற்றில் 'விண்டேஜ்' என்ற ஒரு சொல்லையும் '7.5 கே' என்பது போன்ற ஓர் எண்ணையும் தவிர வேறு விவரம் இருப்பதில்லை. அதை நம்பிக் காசைக் கொட்டி, மாட்டிப் பார்த்து, முன்னையதைவிட மோசம் என்று கழற்றி மூலையில் போடுகிறார்கள். முதலில் கழற்றிய பழைய பிக்கப்பும் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும். இரண்டு நட்டமும் தவிர்க்கக்கூடியவை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மிக மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும்தான். மேலே உருக்குத் தந்தி அதிரும்போது சுருளூடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது, சுருளில் மின் தோன்றுகிறது. சாதாரண தரத்துக்குப் பிள்ளைகள் படிக்கும் மின்காந்தத் தூண்டல் இதுவே. பழைய தொனி என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் நான்கு அமைப்புகளை: கிப்சன் 1946 இல் கொண்டுவந்த பி-90, 1950களின் தொடக்கத்தில் வந்த பென்டர் டெலிகாஸ்டரின் பிக்கப், 1954 இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப், சேத் லவர் 1955 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1957 முதல் கிப்சன் கிற்றார்களில் ஏறிய இரட்டைச் சுருள் ஹம்பக்கர். காப்புரிமை கிடைக்கும் முன் அதன் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒட்டியிருந்ததால் அந்த ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளை வைத்து 'பி.ஏ.எஃப்.' என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

இவற்றில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையே எங்கள் பக்கத்தில் அதிகம். பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் பைலாவுக்கு வெட்டி வெட்டி றிதம் பிடிக்க ஒற்றைச் சுருளின் பளிச்சென்ற ஒலி நன்றாகப் பொருந்துகிறது. அந்தக் காலத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் சுருளில் ஏறக்குறைய 8,000 சுற்று, 0.0635 மி.மீ. விட்டமுள்ள கம்பி, நடுவில் ஆறு அல்நிக்கோ (இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ற்று சேர்ந்த கலப்புலோகம்) காந்தக் கோல்கள். கம்பியை அவிழ்த்து நீட்டினால் ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். பழைய கல்லடிப் பாலத்தை மூன்று தடவை கடந்தும் மிச்சம் இருக்கும். அவ்வளவு நீளமான செம்பின் நிறை 30 கிராம் அளவுதான். இந்த மென்மையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பழுதுகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

அந்தச் சுருளின் தடை 6 கிலோ ஓம் அளவு. பெட்டியில் போடும் 'கே' என்பது இந்த எண்ணைத்தான். எண் கூடினால் சத்தம் கூடும், பழைய தொனி வரும் என்று எண்ணிப் பலர் 9, 10 கிலோ ஓம் வாங்குகிறார்கள். சத்தம் கூடலாம், ஆனால் தொனியில் நடப்பது நேர்மாறு. சுற்றுக் கூடக் கூட நடுத்தர ஒலி தடித்து, மேல் ஒலி மழுங்கும். பழைய தெளிவு சுற்றுக் குறைவால் வந்தது. அதோடு, தடை மட்டும் சத்தத்தின் அளவைக் காட்டாது. டெலிகாஸ்டரின் கழுத்துப் பக்கப் பிக்கப்பில் இன்னும் மெல்லிய 0.056 மி.மீ. கம்பி சுற்றப்பட்டதால் தடை 7 கிலோ ஓமுக்கு மேல் காட்டும், ஆனால் ஒலி மென்மையாகவே வரும். வெப்பநிலையும் எண்ணை மாற்றும். செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.39 சதவீதம் ஏறுகிறது. 20 பாகையில் 6.0 கிலோ ஓம் காட்டும் சுருள், எங்கள் ஊர் 32 பாகையில் 6.28 காட்டும். பெட்டியில் போட்ட அளவும் வீட்டில் அளந்த அளவும் ஒத்துவரவில்லை என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போக முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பிக்கப்பை மாற்ற முன் பார்க்க வேண்டிய முதல் இடம், கிற்றார் எதில் செருகப்படுகிறது என்பது. இதை வேண்டுமென்றே நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் ஒலி மந்தம் என்ற முறைப்பாட்டின் வேர் பல வேளை இங்கேதான் இருக்கிறது. மேடையில் கிற்றார் அம்பிளிபயர் இல்லாதபோது வயரை நேரே மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகிவிடுகிறார்கள். கிற்றார் அம்பிளிபயரின் உள்ளீட்டுத் தடை வழக்கமாக 1 மெகா ஓம். மிக்சரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ ஓம். சுருளை மல்ட்டிமீற்றரில் அளந்தால் 6 கிலோ ஓம்தான், ஆனால் 4,000 ஹேர்ட்ஸ் மீடிறனில் அதே சுருள் தன் தூண்டலால் 60 கிலோ ஓம் அளவுக்கு எதிர்த்து நிற்கும். அதை 10 கிலோ ஓம் உள்ளீட்டில் இறக்கினால் மேல் ஒலியில் பெரும் பங்கு சுருளுக்குள்ளேயே தொலைந்துவிடும். உலகத்திலேயே சிறந்த பிக்கப்பை மாட்டினாலும் அந்த மிக்சரில் அது மந்தமாகத்தான் கேட்கும். மிக்சரில் கிற்றாருக்கென்று தனி உள்ளீடோ பொத்தானோ இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பற்றரியில் இயங்கும் ஒரு டி.ஐ. பெட்டியை (கிற்றாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் சிறு கருவி) இடையில் வைக்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால், உள்ளே பஃபர் (உயர்ந்த உள்ளீட்டுத் தடையுள்ள சிறு மின்சுற்று) உள்ள ஏதாவது ஒரு பெடல் போதும்.

அடுத்தது வயரின் நீளம். சாதாரண கிற்றார் வயருக்கு மீற்றருக்கு 100 பிக்கோபரட் அளவு கொள்ளளவம் உண்டு. சுருளின் தூண்டலும் இந்தக் கொள்ளளவமும் சேர்ந்துதான் ஒலி எந்த மீடிறனில் மேலெழும்பி மினுங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 2.4 ஹென்றி தூண்டல் உள்ள சுருளுக்கு 5 மீற்றர் வயர் போட்டால் அந்த உச்சி 4,200 ஹேர்ட்ஸ் அளவில் நிற்கும். 10 மீற்றர் வயர் போட்டால் 3,100க்கு இறங்கிவிடும். பெரிய மேடை என்று நீள வயர் போட்டு, பிக்கப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

கிற்றாருக்குள்ளே பார்க்க வேண்டியது வொலியும், டோன் பொட்கள், அதாவது சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் கீழுள்ள மாறும் தடைகள். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழமை. மலிவான கிற்றார்களில் எதற்கும் ஒரே 'பி500கே' பொட்டைப் பூட்டியிருப்பார்கள். ஒற்றைச் சுருளுக்கு அது காதைக் கிழிக்கும் கூர்மையைத் தரும். 'பி' என்ற எழுத்து நேர்கோட்டு ஏற்றத்தைக் குறிப்பது. அந்த வகையில் வொலியும் முதல் கொஞ்சத்திலேயே முழுக்க ஏறிவிட்டதுபோல் இருக்கும். 'ஏ250கே' வாங்கி மாற்றுவது பிக்கப் வாங்குவதைவிட எத்தனையோ மலிவு. வாங்கும்போதே மீற்றரில் அளந்து எடுங்கள். 250 என்று போட்டிருப்பது 200 ஆகவும் 300 ஆகவும் இருக்கலாம்.

தந்தியையும் சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக் தந்தி கைக்குக் கிடைக்காமல் அக்குஸ்டிக் கிற்றாரின் வெண்கலம் சுற்றிய தந்தியைப் போட்டால், சுற்றிய வெண்கலம் காந்தத்துக்கு வசப்படாது, உள்ளிருக்கும் உருக்கு இழை மட்டுமே பிக்கப்புக்குத் தெரியும். கீழ்த் தந்திகள் மெலிந்து, மேல் இரண்டும் துள்ளி நிற்கும். நிக்கல் பூசிய உருக்குத் தந்தியோ சுத்த நிக்கல் சுற்றிய தந்தியோதான் போட வேண்டும்.

உயரம் சரிசெய்ய ஒரு திருப்புளியும் சிறிய உருக்கு அடிமட்டமும் போதும். தந்தியைக் கடைசிப் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியில்) அழுத்திப் பிடித்து, காந்தத்தின் உச்சியிலிருந்து தந்தியின் அடிவரை அளக்க வேண்டும். பழைய வகை ஒற்றைச் சுருளுக்கு ஆறாம் தந்திப் பக்கம் 2.4 மி.மீ., முதலாம் தந்திப் பக்கம் 2.0 மி.மீ. என்று தொடங்கி, காதைக் கொண்டு கூட்டிக் குறைக்கலாம். சத்தம் கூடட்டும் என்று 1 மி.மீ.க்குக் கிட்டக் கொண்டுபோனால் அல்நிக்கோக் கோல்கள் தந்தியைப் பிடித்து இழுக்கும். ஆறாம் தந்தியில் பன்னிரண்டாம் பிரெட்டுக்கு மேல் வாசிக்கும்போது ஒரே சுரம் இரண்டு சுரமாகப் பிரிந்து அலைவதுபோல் கேட்டால் காரணம் இதுதான். அப்போது சுருதி கூட்டியும் பிரிட்ஜைத் திருகியும் மாளாது, பிக்கப்பை இறக்க வேண்டும்.

உயரம் குறைந்தும் கூடியும் நிற்கும் காந்தங்கள் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1950களில் மூன்றாம் தந்தியும் சுற்றுத் தந்தியாக இருந்ததால் அதன் காந்தத்தை உயரமாக வைத்தார்கள். இன்றைய சுற்றில்லாத மூன்றாம் தந்தி அதே காந்தத்துக்கு மேல் தனியாகத் துள்ளும். அதைச் சரிசெய்கிறேன் என்று காந்தத்தைச் சுத்தியலால் தட்டி இறக்குபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பென்டர் வகையில் கம்பி நேரே காந்தத்தின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும். காந்தம் அசைந்த கணத்தில் உட்கம்பி அறுந்துவிடும். இந்தக் குறை பிடிக்காதவர்கள் வாங்கும்போதே சம உயரக் காந்தம் உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது.

இனிச் செத்துப்போன பிக்கப்பை மீளச் சுற்றுவது. மோட்டர், விசிறிகளுக்குக் கொயில் கட்டும் கைதேர்ந்தவர்கள் எங்கள் பட்டினங்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுக்கலாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கிற்றார் பற்றிய விளக்கங்களில் எல்லாம் 'இலக்கம் 42 கம்பி' என்று இருக்கும். அது அமெரிக்க அளவு. இங்கே கடைகளில் புழக்கத்தில் இருப்பது பிரித்தானிய எஸ்.டபிள்யூ.ஜி. அளவு. 42 என்று கேட்டால் 0.10 மி.மீ. கம்பியைத்தான் தருவார்கள். அதன் குறுக்குப் பரப்பு வேண்டியதைவிட இரண்டரை மடங்கு. கம்பி சுற்றும் சட்டமான பொபின் நிறையும்போது 3,000 சுற்று அளவுதான் ஏறியிருக்கும், மீற்றர் 1 கிலோ ஓமுக்கும் குறைவாகக் காட்டும், கிற்றார் முணுமுணுக்கும். கேட்க வேண்டியது எஸ்.டபிள்யூ.ஜி. 46. அதன் விட்டம் 0.061 மி.மீ., அமெரிக்க 42க்கு மிகக் கிட்டியது. கொஞ்சம் மெல்லியதாகையால் அதே 8,000 சுற்றுக்கு மீற்றரில் 8 சதவீதம் அளவு கூடக் காட்டும். அது பிழையல்ல. எண்ண வேண்டியது சுற்றுகளைத்தான்.

சுற்ற முன் ஆறு காந்தங்களையும் துரு போகத் துடைத்து, மெல்லிய ஒட்டுநாடாவை ஒரு படை சுற்றியோ அரக்குப் பூசியோ மூட வேண்டும். கம்பி வெறும் காந்தத்தில் படக்கூடாது. விசிறிக் கம்பிக்கு வைத்த இழுவையோடு இயந்திரத்தை ஓட்டினால் இந்தக் கம்பி நூலைப்போல் அறும். அறாவிட்டாலும் இழுபட்டு மெலியும். இழுவைப் பிடியைக் கழற்றிவிட்டு, இரு விரலுக்கிடையில் கம்பளித் துணித் துண்டை வைத்து அதனூடாகக் கம்பியைப் போகவிட்டுக் கையாலேயே இடமும் வலமும் வழிநடத்துவது நல்லது. பென்டரின் பழைய தொழிற்சாலையிலும் கையால் வழிநடத்தித்தான் சுற்றினார்கள். படைகள் ஒன்றன்மேல் ஒன்று நேர்த்தியாகப் படியாததால் சுருளின் உட்கொள்ளளவம் குறைந்து மேல் ஒலி திறக்கும். அதற்காகத் தளரவும் விடக்கூடாது. தளர்ந்த சுருள் உள்ளே அதிர்ந்து, அம்பிளிபயரைக் கூட்டியதும் கீச்சிடும்.

மூன்று பிக்கப்பும் ஒரே பக்கமாகச் சுற்றினால் பழைய அமைப்பு. நடுப் பிக்கப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றி அதன் காந்தத்தையும் தலைகீழாக்கினால், ஐந்து நிலை சுவிச்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த நிலைகளில் ஒலி மெலிந்து மூக்கால் பாடுவதுபோல் வரும். காந்தத்தின் முனையை ஒரு சிறிய திசையறி கருவியால் ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

மெழுகில் தோய்ப்பது கடைசி வேலை. நான்கு பங்கு பரபின் மெழுகுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு. சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்கி, வெப்பமானியை உள்ளே விட்டு 65 பாகையில் நிறுத்த வேண்டும். பிக்கப்பை இறக்கியதும் குமிழ் கிளம்பும். குமிழ் நிற்கும்வரை, 15 முதல் 20 நிமிடம், விட்டால் போதும். இதைவிடச் சூடேற்றினால் பிளாஸ்டிக் பொபின் நெளிந்துவிடும். மெழுகுப் பாத்திரத்தை நேரே காஸ் அடுப்பில் வைப்பது தீயை அழைப்பது. அடுப்புக்குக் கிட்டச் சிறுபிள்ளைகளை விடாதீர்கள். பழைய பி.ஏ.எஃப். ஹம்பக்கர்கள் மெழுகிடப்படாதவை. அந்தத் திறந்த ஒலியைத் தேடுபவர்கள் ஹம்பக்கரை மெழுகில் இட முன் யோசிக்க வேண்டும்.

பிக்கப் ஏன் சாகிறது என்று கேட்டால், கடற்கரை ஊர்களில் பதில் உப்பும் வியர்வையும். அல்நிக்கோவில் இரும்பு உண்டு, ஆகவே துருப்பிடிக்கும். துரு கம்பியின் அரக்குப் பூச்சைத் தின்று உட்படையில் செம்பைப் பச்சைக் களிம்பாக்கி அறுத்துவிடும். மீற்றரை 20 கிலோ ஓம் நிலையில் வைத்து இரு முனையிலும் தொட்டால், எண் வராவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. ஆனாலும் உடனே கைவிட வேண்டாம். மெல்லிய கம்பி தடித்த வயருடன் சேரும் துளையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பல வேளை அங்கேதான் அறுந்திருக்கும். வெளிமுனை என்றால் ஒரு சுற்று அவிழ்த்து, பூச்சை மெல்லச் சுரண்டி, மீண்டும் பற்றாசு வைத்தால் உயிர் வரும். உள்முனை என்றால் மீளச் சுற்றத்தான் வேண்டும். பென்டர் வகையில் இன்னொரு சோதனை: மீற்றரின் ஒரு முனையைச் சுருளிலும் மறுமுனையைக் காந்தத்தின் தலையிலும் வைத்தால் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. காட்டினால் பூச்சு உள்ளே தேய்ந்துவிட்டது. பற்றாசு வைக்க ரோசின் உள்ள பற்றாசே வேண்டும். தகரத்துக்கும் ரேடியேற்றருக்கும் பாவிக்கும் அமிலப் பசை சில மாதங்களில் கம்பியை அரித்துவிடும். வாசித்து முடிந்ததும் தந்தியையும் காந்தத் தலைகளையும் உலர்ந்த துணியால் துடைப்பதும், மாரி காலத்தில் பெட்டிக்குள் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றை வைப்பதும் பெரிய வேலையல்ல.

இரைச்சல் பற்றிச் சுருக்கமாக. ஒற்றைச் சுருள் 50 ஹேர்ட்ஸ் மின்னின் காந்தப் புலத்தை வாங்கி முனகும், அது அதன் இயல்பு. கிற்றாரின் உட்குழியில் செப்புத் தகடு ஒட்டினால் அலங்கார விளக்கு, டிம்மர்களின் சரசரப்புக் குறையும், முனகல் குறையாது. ட்ரான்ஸ்போமருக்கு எட்டி நின்று கிற்றாரைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் குறையும். இரைச்சலைப் போக்க மூன்றுமுள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. தந்திகள் அம்பிளிபயரின் உடலோடு மின்தொடர்பு உள்ளவை. ஜெனரேற்றரில் ஓடும் திருவிழா மேடையில் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது மின்கசிவு ஏற்பட்டால் உயிர் போகும். அம்பிளிபயரையும் மிக்சரையும் எர்த் உள்ள, ட்ரிப் சுவிச் பொருத்திய ஒரே பலகையிலிருந்து எடுங்கள். எர்த் இரண்டு வழியாக இணைந்து வளையமாவதால் இரைச்சல் வந்தால் டி.ஐ. பெட்டியிலுள்ள எர்த் துண்டிப்புச் சுவிச்சைப் பாவியுங்கள்.

பிக்கப் விற்பவர்களிடம் கேட்பது இதுதான். காந்தம் அல்நிக்கோவா செரமிக்கா, கம்பியின் விட்டம் எத்தனை, தடை எத்தனை பாகையில் அளந்தது, தூண்டல் எத்தனை ஹென்றி, முதல் காந்தத்திலிருந்து ஆறாம் காந்தம்வரை எத்தனை மில்லிமீற்றர் என்ற ஐந்து விவரங்களையும் பெட்டியிலோ பற்றுச்சீட்டிலோ எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்கள் பிக்கப்பைத் திருப்பிப் பார்த்தாலே பாதி தெரியும். அடியில் கறுத்த பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தால் அது செரமிக், மேலே தெரிவது வெறும் உருக்குக் கோல்கள். செரமிக் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் 1954 இன் அமைப்பு என்று சொல்லி அதை விற்பது நியாயமில்லை.

கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தொழிற்பயிற்சி நிலையங்களும் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சுற்றெண்ணி பொருத்திய சிறிய சுற்றும் இயந்திரம் ஒன்றும் தூண்டலை அளக்கும் எல்.சி.ஆர். மீற்றர் ஒன்றும் ஓரிடத்தில் இருந்தால், இசைக்குழுப் பிள்ளைகள் வாங்க முன் கொண்டுவந்து அளந்து பார்க்கலாம், கொயில் கட்டத் தெரிந்தவர்களுக்கும் ஒரு புதிய தொழில் திறக்கும். மீற்றர் 100 ஹேர்ட்ஸிலும் 1,000 ஹேர்ட்ஸிலும் அளக்கக்கூடியதாக இருக்கட்டும். ஹம்பக்கருக்குள் இருக்கும் உருக்குத் திருகுகளாலும் மேல் மூடியாலும் இரண்டு அளவும் வேறுபடும். எந்த மீடிறனில் எடுத்தது என்று எழுதாத ஹென்றி அளவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

இங்ஙனம்,
கிற்றார் திருத்துநர் ஒருவர்,
மட்டக்களப்பு.